பயணம் போகிறவன் பணம் யாரிடம் இருக்க வேண்டும்?

வெளிநாட்டுக்கு நாலைந்து வருடம் கிளம்பும் யாருக்கும் டிக்கெட், விசாவுக்கு அடுத்து வரும் கேள்வி ஒன்று உண்டு. சேர்த்து வைத்த பணத்தை எங்கே போட்டுவிட்டுப் போவது? எஃப்.டி.யா, தங்கமா, அப்பா பேரிலா? எங்கள் பி.காம் வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் உடனே எந்த வங்கியில் வட்டி அதிகம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு கிளம்பியவர்கள் வட்டியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. நான் இல்லாத நேரத்தில் என் பெட்டியை யார் திறப்பார்கள்? திரும்பி வந்தால் என்னை யார் அடையாளம் கண்டு கொடுப்பார்கள்? இதுதான் அவர்கள் கவலை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிலுவைப் போர்கள் நடந்த 12, 13ஆம் நூற்றாண்டுகள். பிரான்ஸிலோ இங்கிலாந்திலோ இருக்கும் ஒருவர் பாலஸ்தீனத்துக்குக் கிளம்பினால் திரும்பி வர வருடக்கணக்காகும். வழியில் திருடர், கடலில் புயல், போன இடத்தில் போர். வெள்ளிக்காசு மூட்டையை எவ்வளவு தூரம் சுமப்பது? அப்போது நம்பிக்கையான பெயர் ஒன்று இருந்தது: டெம்ப்ளர்கள். 1119 வாக்கில் ஜெருசலேமில், யாத்திரிகர்களைப் பாதுகாக்க ஆரம்பிக்கப்பட்ட துறவி வீரர் சங்கம். 1129ல் திருச்சபையின் முறையான அங்கீகாரம் கிடைத்தது. ஐரோப்பா முழுக்க மடங்கள், பாலஸ்தீனத்தில் கோட்டைகள். கையில் வாள், வாயில் 'சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம்' என்ற சத்தியம். பணத்தைக் கொடுத்து வைக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

ராஜாவே கொடுத்து வைத்தார். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் பிலிப் 1190ல் சிலுவைப் போருக்குக் கிளம்பும்போது ஒரு சாசனம் எழுதி வைத்தார். தான் ஊரில் இல்லாத நாட்களில் வரும் அரசு வருமானம் பாரிஸில் உள்ள டெம்ப்ளர் மாளிகையில் பெட்டிகளில் வைக்கப்பட வேண்டும். பாரிஸ் நகரத்து ஆறு பெரிய மனிதர்களிடம் ஆளுக்கொரு சாவி, டெம்ப்ளர்களிடம் ஒரு சாவி. நாம் ஆடிட்டிங் பாடத்தில் இன்டர்னல் செக் என்று படிக்கிறோமே, அதேதான். தனி ஒருவர் நினைத்தால் பெட்டி திறக்காது.

நம்ம கதாநாயகர்

இப்போது ஒரு சாதாரண பயணியைப் பார்ப்போம். ரொம்ப சாதாரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பணத்தட்டுப்பாடு உள்ள பிரபு. பெயர் ஜான் டி ஜுவான்வில். 1248ல் மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் போரில் சேர்ந்தபோது வயது இருபதுகளில். கிளம்பும் முன் தன் ஆட்களைக் கூட்டி, 'நான் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் சொல்லுங்கள், சரி செய்துவிட்டுப் போகிறேன்' என்றார். பிறகு மெட்ஸ் நகரத்துக்குப் போய் நிலத்தில் பெரும்பகுதியை அடகு வைத்தார். அதாவது அவர் சேமிப்பைப் போட்டுவிட்டுப் போகவில்லை, சொத்தைப் பணமாக்கி எடுத்துக்கொண்டு போனார். விளைவு? சைப்ரஸ் தீவு போய்ச் சேருவதற்குள் பணம் கரைந்து, கூட வந்த வீரர்கள் விட்டுவிட்டுப் போவதாக மிரட்டும் நிலை. மன்னர் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டதால் தப்பித்தார்.

1250ல் எகிப்தில் மன்னரும் படையும் சிறைப்பட்டார்கள். மீட்புத் தொகையில் முதல் தவணை 2,00,000 லிவ்ரு (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அதைக் கட்டும்வரை மன்னரின் தம்பி பிணைக்கைதி. இரண்டு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தும் 30,000 குறைந்தது. டெம்ப்ளர்களின் கப்பலில் பணப்பெட்டிகள் இருக்கின்றனவே, கடனாக வாங்கலாம் என்று யோசனை சொன்னவர் நம்ம ஜுவான்வில்தான்.

டெம்ப்ளர் அதிகாரி மறுத்துவிட்டார். 'கொடுத்து வைத்தவரைத் தவிர வேறு யாரிடமும் தருவதில்லை என்று சத்தியம் செய்து வாங்கிய பணம் இது' என்பது அவர் வாதம். பேச்சு முற்றியது. அப்போது சங்கத்தின் மார்ஷல் ரெனோ டி விஷியே ஒரு வழி காட்டினார். நாங்களாகத் தர முடியாது, நீங்கள் பலவந்தமாக எடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்! ஜுவான்வில் கப்பலுக்குப் போய், ஒரு கோடரியைக் கையில் எடுத்து, இதுதான் மன்னரின் சாவி என்றார். மார்ஷல் நிஜச் சாவியையே கொடுத்துவிட்டார். பெட்டியில் இருந்தது யாரோ பயணிகள் நம்பிக் கொடுத்த பணம்.

சத்தியம் காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா? காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. பெட்டி காலி.

அடுத்த காட்சி சில மாதங்கள் கழித்து, அக்கோ துறைமுகத்தில் (இன்று இஸ்ரேலில் உள்ளது). ஜுவான்விலுக்குச் சம்பளமாக 400 லிவ்ரு வந்தது. 40ஐச் செலவுக்கு வைத்துக்கொண்டு 360ஐக் கொண்டுபோய்... ஆமாம், டெம்ப்ளர்களிடமே கொடுத்து வைத்தார்! கொஞ்ச நாள் கழித்து 40 எடுத்து வர ஆள் அனுப்பினால், அங்கிருந்த அதிகாரி சொன்ன பதில்: உங்கள் பணம் எதுவும் என்னிடம் இல்லை, உங்களை எனக்குத் தெரியாது.

ஜுவான்வில் நேராகத் தலைவரிடம் போனார். தலைவர் யார் தெரியுமா? கப்பலில் சாவி கொடுத்த அதே ரெனோ டி விஷியே. அந்த உதவிக்கு நன்றியாக அவர் தலைவராக மன்னர் துணை நின்றிருந்தார். அவரோ கோபப்பட்டு, எங்கள் சகோதரர்களைத் திருடர் என்கிறாயா, புகாரை வாபஸ் வாங்கு என்றார். இவர் வாங்கவில்லை. நான்கு நாள் தவிப்பு. பிறகு தலைவர் சிரித்துக்கொண்டே வந்து பணம் கிடைத்துவிட்டது என்றார். அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்.

இதெல்லாம் ஜுவான்வில் தன் முதுமையில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. எனக்கு உறுத்துவது வேறு. தலைவரையும் மன்னரையும் தெரிந்த ஒருவருக்கே நான்கு நாள் என்றால், யாரையும் தெரியாத ஒரு யாத்திரிகர் என்ன செய்திருப்பார்?

சாவி யார் கையில்?

இங்கிலாந்திலும் இதே பாடம். 1232ல் மூன்றாம் ஹென்றி, சிறையில் தள்ளிய தன் முன்னாள் அமைச்சர் ஹியூபர்ட் டி பர்கின் செல்வத்தை லண்டன் டெம்ப்ளர்களிடம் கேட்டார். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். பாராட்டலாம். ஆனால் மன்னர் சிறைக்கே ஆள் அனுப்பிச் சம்மதத்தை வாங்கிவிட்டார். 1263ல் இளவரசர் எட்வர்ட், அம்மாவின் நகைகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே போய், மற்றவர்களின் பெட்டிகளை உடைத்துப் பணத்தை எடுத்துப் போனார். கடைசியில் 1307 அக்டோபர் 13ல் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப் தன் நாட்டு டெம்ப்ளர்களையே கைது செய்தார். 1312ல் சங்கம் கலைக்கப்பட்டது. திருடனைத் தடுத்த மதில்கள் ராஜாவைத் தடுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வங்கிச் சட்டப் பாடத்தில் வரும் ஃபோலி எதிர் ஹில் வழக்கு (1848) ஞாபகம் வந்தது. கணக்கில் போட்ட பணம் வங்கியின் பணம் ஆகிவிடுகிறது, வங்கி நமக்குக் கடன்காரர் என்பது தீர்ப்பு. லாக்கரில் வைத்த நகை அப்படி அல்ல, அது நம்முடையதே. டெம்ப்ளர் அதிகாரி கப்பலில் பேசியது லாக்கர் நியாயம். அக்கோவில் ஜுவான்வில் பட்ட பாடு, கையில் எழுத்து இல்லாத கடன்கொடுத்தவர் பட்ட பாடு. பணம் இருப்பதைவிட அதைத் 'தன்னுடையது' என்று காட்ட முடிவதுதான் பெரிய விஷயம்.

நம் காலத்திலும் இது மாறவில்லை. இந்தியாவில் இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்காகிறது. பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கி 2014ல் ஏற்படுத்திய நிதிக்குப் போகிறது. பிறகும் உரிமை கோரலாம், ஆனால் கோர ஆள் வேண்டும், காகிதம் வேண்டும்.

அதனால் கிளம்பப் போகும் நண்பர்களே, அரை சதவீத வட்டிக்கு அலைவதற்கு முன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா? கணக்கு விவரம் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரியுமா? வெளிநாட்டில் இருந்துகொண்டே, நான்தான் இது என்று நிரூபிக்க வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நிம்மதியாக விமானம் ஏறலாம். இல்லையென்றால் ஒருநாள் கவுண்டரில் யாராவது, உங்களைத் தெரியாதே என்பார். நமக்காகத் தலைவரைப் போய்ப் பார்க்க ஜுவான்வில் வரமாட்டார்!