இசைத்தட்டு உறையும் வரலாற்றுச் சான்றும்: உடுவிற் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

இசைத்தட்டிற் பதிந்த ஒலியைப் பண்பாட்டு வரலாற்றின் சான்றாகக் கொள்ளும் நாம், அத்தட்டை மூடியிருந்த உறையை அவ்வாறு கொள்வதில்லை. உறை என்பது கிழிந்தால் எறிவதற்குரியது, கிழியாதிருந்தால் அழகுபார்ப்பதற்குரியது என்ற எண்ணமே நிலவுகின்றது. பழைய உறைகளை ஸ்கானரில் வருடிக் கணினியிற் புதுப்பிக்கும் முயற்சிகள் இன்று நடைபெறுவதால், இவ்வெண்ணத்தை மீள்பரிசீலனை செய்தல் அவசியமாகின்றது.

உடுவில் என்று நாம் இங்கு சுட்டுவது அப்பெயர் கொண்ட கிராமத்தை மட்டுமன்று. இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் ஆகியன அடங்கிய பிரதேச செயலகப் பிரிவையுமாகும். 1824இல் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றை நிறுவியதால் கல்வி வரலாற்றில் உடுவில் இடம்பெற்றது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த இணுவிலும், 1975இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் அமைந்த மருதனார்மடமும் இசை வரலாற்றில் இப்பகுதிக்கு இடம் தேடிக்கொடுத்தன. கோயில் வீதியில் நேரே நின்று தவிலையும் நாதசுரத்தையும் கேட்டுப் பழகிய இம்மக்களுக்கு, இசைத்தட்டு பெரும்பாலும் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியிலிருந்தே அறிமுகமாயிற்று. கிராமபோன் வாங்க வசதியற்றோரும் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் சினிமாப் பாடலைக் கேட்டனர். கேட்டல் என்பது வசதி படைத்தோரின் வீட்டு விறாந்தையை விட்டுத் தெருவுக்கு வந்தமையை இது குறிக்கின்றது.

உறையின் வரலாறு சுருக்கமானது. 78 சுற்றுத் தட்டுகள் நடுவிலே துளையிட்ட சாதாரண கடதாசி உறையில் வந்தன; அதில் இருந்தது கம்பனியின் அல்லது கடையின் விளம்பரமே. அமெரிக்காவில் 1940இல் அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் சித்திர உறையை அறிமுகப்படுத்தினார். 1948இல் நெடுநேரத் தட்டு வந்தபின் அது எங்கும் பரவியது. தமிழ்ச் சினிமா இசைத்தட்டுகளின் உறைகளை வரைந்தோர் பலரின் பெயர் உறையிலேயே இல்லை. இசையமைப்பாளரின் பெயரை அச்சிட்ட வணிகம் ஓவியத் தொழிலாளியின் பெயரை அச்சிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

குடாநாட்டில் இவ்வுறைகள் அருகியமைக்குப் பூச்சியும் ஈரமும் மட்டும் காரணமல்ல. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு, 1977க்குப் பின் பெருகிய ஒலிநாடாக்கள், 1990 முதல் மின்சாரமற்றிருந்த ஆண்டுகள் ஆகியன தட்டைப் பயன்பாட்டிலிருந்து அகற்றின. பயன்பாடற்ற பொருள் 1995 இடப்பெயர்வின்போது வீட்டிலேயே விடப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இப்பகுதியில் நாம் பார்த்த சினிமாப் பாடல் உறையொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். ஏழு அங்குலத் தட்டின் உறை. மஞ்சளும் செந்நிறமும் மங்கி நீலம் மேலோங்கியிருந்தது. தட்டின் விளிம்பு அழுத்திய வளையம் நாயகியின் முகத்தை ஊடறுத்திருந்தது. ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மூலையில் ஒலிபெருக்கிச் சேவையொன்றின் இறப்பர் முத்திரை; அதன்கீழ் மையினால் எழுதிய தொடரிலக்கம். புதுப்பிப்பவர் முதலிற் கைவைப்பது இம்முத்திரையிலேதான். அச்சுப்படம் வேறெங்காவது இன்னொரு பிரதியிற் கிடைக்கலாம். அத்தட்டு இப்பகுதியின் தெருவில் ஒலித்தது என்பதற்கு முத்திரையைத் தவிர வேறு சாட்சியில்லை.

வருடுதலும் எளிய வேலையன்று. நெடுநேரத் தட்டின் உறை பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஏ3 ஸ்கானரின் கண்ணாடியோ அகலத்தில் அதைவிடக் குறைவு. எனவே இருமுறை வருடி இணைத்தல் வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 160 மெகாபைற் ஆகும். நிற அளவுகோலொன்றையும் பக்கத்தில் வைத்து வருடாவிடின், மங்கியது மையா, ஸ்கானரின் பிழையா என்பதைப் பின்னர் எவரும் அறியார். ஒப்செற் அச்சின் நுண்புள்ளிகள் திரையில் அலைக்கோலமாகத் தோன்றுவதைக் கண்டு அவற்றை உடனே மழுப்புவோர் உளர். அப்புள்ளிகளோ அச்சுமுறையை அறியத் துணைபுரியும் தடயங்கள்.

இவ்விடத்தில் நம் சூழலுக்குரிய முன்னுதாரணமொன்று உண்டு. சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது எதிர்கொண்டதும் சிதைந்த மூலத்தின் பிரச்சினையே. ஏட்டுப் பதிப்பின் நெறி, பாடபேதத்தைக் காட்டுவதே தவிர மறைப்பதன்று. ஊகித்து நிரப்பிய சொல்லை ஏட்டின் சொல்லெனக் காட்டும் பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. அவ்வாறாயின், ஊகித்து வரைந்த கண்ணிமையை உறையின் கண்ணிமையெனக் காட்டுபவரை ஏற்பதெவ்வாறு? பம்பாயின் ‘யங் இந்தியா’ இசைத்தட்டுகளைப் பிரித்தானிய நூலகத்தின் அருகும் ஆவணத் திட்டத்தின்கீழ் எண்ணிமப்படுத்தியோர், ஒலியோடு உறைகளையும் விற்பனைப் பட்டியல்களையும் படமாக்கினர். அங்கு உறை அலங்காரமாக அன்றி ஆவணமாகவே கொள்ளப்பட்டது.

புதுப்பித்தலை நாம் எதிர்க்கவில்லை. ரொறன்ரோவில் முதுமையடைந்த ஒருவர் தம் இளமைக்கால உறையைப் பளிச்சென்று பார்க்க விரும்புவதிற் குற்றமில்லை. ஸ்ரூடியோக்களில் நெகட்டிவ்மேல் பென்சிலால் முகம் திருத்திய காலத்திலிருந்தே நம்மவர்க்கு அது பழக்கமானது. ஆயின் தொடாத முதற்படி தனியாகவும், திருத்திய படி வேறாகவும், எதை எவர் எப்போது திருத்தினார் என்ற குறிப்புடனும் பேணப்படல் வேண்டும். உறையின் பின்புறமும் உட்புறமும் அவ்வாறே வருடப்படல் வேண்டும். நாம் மேலே கூறிய உறையின் உட்புறத்தில், பென்சிலால் ஒரு திகதியும் மூன்று ரூபாய் என்ற கணக்கும் எழுதப்பட்டிருந்தன.