பெண் எலியின் ஆசை: எல்லாமே ஹார்மோன் பண்ற வேலையா?

"எல்லாம் ஹார்மோன்தாங்க!" பெண்களின் ஆசை பற்றிப் பேச்சு வந்தாலே இப்படி முடித்துவிடுகிறோம். ஹார்மோனுக்கும் ஆசைக்கும் உள்ள தொடர்பு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்ததுதான். அந்த எலிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

ஹார்மோனின் வேலை என்ன?

பெண் எலியின் சினைப்பைச் சுழற்சி 4-5 நாள்தான். கருமுட்டை வெளியாவதை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே அது ஆணுடன் இணையும். முதலில் ஈஸ்ட்ரோஜன் உயரும், அடுத்து புரோஜெஸ்டிரோன். சினைப்பையை அகற்றினால் இந்த நடத்தை நின்றுவிடும். இரண்டு ஹார்மோன்களையும் அதே வரிசையில் ஊசி வழியே கொடுத்தால் திரும்ப வரும்.

மூளையில் எங்கே?

ஹைப்போதாலமஸில். பிற்பாடு டெல்லி எய்ம்ஸின் உடலியல் துறையை வளர்த்த பி.கே. ஆனந்த், 1951-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து எலியின் பசி மையத்தைக் கண்டறிந்ததும் இங்கேதான்.

இணையும் நடத்தைக்கான நரம்புப் பாதையை விளக்கியவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஃபாஃப். ஈஸ்ட்ரோஜன் இங்குள்ள செல்களில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளை அதிகமாக்குகிறது. அதன்பின் ஆண் எலி தொட்டால், பெண் எலி முதுகை வளைத்து நிற்கும். இதன் பெயர் லார்டோசிஸ்.

அப்போ அது வெறும் சுவிட்சா?

இல்லை. துள்ளி ஓடி, காதை ஆட்டி, ஆணை அழைப்பதும் பெண் எலிதான். இதில் டோபமைனுக்குப் பங்குண்டு. செரட்டோனின் சில ஏற்பிகள் வழியாக பிரேக் போடுகிறது.

1997-ல் பரேடெஸ், அலோன்சோ இருவரும் செய்த ஆய்வைப் பாருங்கள். எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்பதைப் பெண் எலியே தீர்மானிக்க முடிந்தபோது, அந்த அனுபவத்தோடு சேர்ந்த இடத்தை அது பிறகும் விரும்பியது. அந்த வாய்ப்பு இல்லாத எலிகள் விரும்பவில்லை. ஹார்மோன் கதவைத் திறக்கலாம். அனுபவம் இனிமையாக இருக்க, கட்டுப்பாடு அதன் கையில் இருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

எலியைப் போல, பெண்களின் ஆசை கருமுட்டை வெளியாகும் சில மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை. ஆசைக் குறைவுக்காக அமெரிக்காவின் எஃப்டிஏ 2015-ல் ஃப்ளிபான்செரின், 2019-ல் பிரெமெலனோடைடு மருந்துகளை அனுமதித்தது. இரண்டுமே ஹார்மோன் மாத்திரை அல்ல, மூளையில் வேலை செய்பவை. பிரெமெலனோடைடு, பெண் எலிகளின் 'அழைக்கும்' நடத்தையை ஏற்கனவே அதிகரித்திருந்தது. ஆனால் பெண்களிடம் இரண்டு மருந்துகளின் பலனும் சுமார்தான்.

அதனால், ரீல்ஸ் பார்த்து 'ஹார்மோன் பேலன்ஸ்' மாத்திரை ஆர்டர் செய்யும் முன் யோசியுங்கள். தூக்கம், மன அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், உறவில் உங்கள் விருப்பத்துக்கு இருக்கும் இடம் – இவற்றையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.