டார்ச் லைட் பெட்டியில் இருக்கும் எண் உண்மையா?

இரவுச் சந்தையில் மலிவாக விற்கும் டார்ச் லைட் பெட்டியில் 100,000 லூமென் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று ஒட்டியிருக்கும். இரண்டுமே நடக்காத காரியம். இதை வீட்டு மேசையிலேயே அளந்து காட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சொந்தக் காசில் விளக்கையும் ரீசார்ஜ் பேட்டரியையும் வாங்கி, சோதித்து, கிடைத்த எண்களை மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

பினாங்குக்கும் இந்த விளக்குகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டைக்கு வந்த முதல் 8 நிறுவனங்களில் ஹியூலட் பேக்கர்டும் லிட்ரானிக்ஸும் அடங்கும். லிட்ரானிக்ஸ் பின்னர் ஓஸ்ராம் ஆனது. ஹியூலட் பேக்கர்டின் எல்.இ.டி பிரிவிலிருந்து வளர்ந்தது லுமிலெட்ஸ். அதன் 'லக்சியான்' எல்.இ.டிதான் 2000-களின் தொடக்கத்தில் பழைய இழை பல்பை டார்ச் லைட்டிலிருந்து விரட்டத் தொடங்கியது. ஓஸ்ராம் 2017-இல் கூலிமிலும் எல்.இ.டி சில்லு ஆலையைத் திறந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட வட்டாரம் இது.

விளக்கைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். முதல் தேவை லக்ஸ் மீட்டர். விளக்கை 5 மீட்டர் தள்ளி வைத்து ஒளியின் நடுப்பகுதியை அளந்து, வரும் எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்பது தெரியும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த எல்லையில் நிலவொளி அளவுதான் இருக்கும். லூமெனை அறிய, நம்பகமான ஒரு விளக்கை வெள்ளைக் கூரையில் அடித்து அளந்துகொண்டு, அதே இடத்தில் புதியதையும் அளந்து ஒப்பிடுவார்கள்.

2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தரமுறைப்படி, லூமெனை விளக்கைப் போட்ட 30 விநாடிக்குப் பிறகு அளக்க வேண்டும். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கிடலாம். இங்கேதான் ஓட்டை. 1,000 லூமென் விளக்கு சில நிமிடங்களில் சூடேறி 300-க்கு இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே எரிந்தாலும் பெட்டியில் '1,000 லூமென், 5 மணி நேரம்' என்று போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் சோதனையாளர்கள் நிமிடத்துக்கு நிமிடம் அளந்து வரைபடம் போடுகிறார்கள். பெட்டியைவிட அந்தக் கோடு உண்மை பேசும்.

விடியும் முன் மரம் வெட்டப் போகிறவருக்கு 200 மீட்டர் பாய்ச்சல் எதற்கு? ஒரு காலத்தில் கார்பைடு விளக்கு இருந்தது. பிறகு இடுப்பில் பேட்டரியும் நெற்றியில் பல்பும் வந்தன. இன்றைக்கும் அவருக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் பரவலாக விழும் வெளிச்சம், அதுவும் நாலைந்து மணி நேரம் குறையாமல். சி.ஆர்.ஐ எனப்படும் நிறத்தரம் 90-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த இலையையும் பாம்பையும் பிரித்துக் காட்டுவதில் லூமெனைவிட நிறத்துக்குப் பங்கு அதிகம்.

பேட்டரி விஷயத்தில் பணம் மட்டுமல்ல, வீடே பணயம். 18650 என்பது 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் பேட்டரி. இந்த அளவில் பெயர்பெற்ற தயாரிப்புகளே பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கின்றன. சமையலறைத் தராசே பாதி உண்மையைச் சொல்லிவிடும்: நல்ல 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே சிறிய பேட்டரியும், மீதி இடத்தில் மாவு போன்ற தூளும் கண்டிருக்கிறார்கள். எடை சரியாக இருந்தாலும் போதாது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியதற்குப் புது உறை மாட்டி விற்பதும் உண்டு. அளக்கும் வசதியுள்ள சார்ஜரில் முழுதாக ஏற்றி, பிறகு இறக்கிப் பார்த்தால் உண்மைக் கொள்ளளவு திரையில் வந்துவிடும்.

லித்தியம் பேட்டரியை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. 2 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டதை மறுபடி ஏற்றாமல் கழித்துவிடுவதே மேல். உறை கிழிந்தது, நசுங்கியது எதுவும் வேண்டாம். சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு போடுவதும் வேண்டாம். இரண்டு மூன்று பேட்டரி போடும் விளக்கில் பழையதையும் புதியதையும் கலந்தால், வலுவில்லாதது தலைகீழாகச் சார்ஜ் ஆகிச் சூடேறும். மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது அறவே கூடாது.

இவ்வளவு பத்திரம் பார்க்க முடியாத வீட்டுக்கு நிக்கல் பேட்டரியே போதும். 2005-இல் சான்யோ வெளியிட்ட எனலூப் வகைக்கு முன்பு, ஏற்றி வைத்த நிக்கல் பேட்டரி சில மாதங்களிலேயே தானாகக் காலியாகிவிடும். இந்த வகையோ ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி மின்சாரத்தைத் தக்கவைக்கும். புயல் மழையில் கரண்டு போனால் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டதும் எரியும். சாதாரண அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் விளக்குக்குள்ளேயே விட்டுவைத்தால், அது கசிந்து நல்ல விளக்கையும் அரித்துவிடும்.