பால்பண்ணைக்குப் பக்கத்தில் சத்யம்

ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ மதக் கூட்டம் என்றாலே எல்லோரும் அதன் குரு ஷோகோ அசஹாராவின் தாடியில் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அந்த ஆளுக்கு அடுத்த நிலத்தில் மாடு வளர்த்தவர்கள் மேல்தான் கண்.

ஃபூஜி மலையடியில் கமிகுயிஷிகி என்று ஒரு கிராமம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு குடியேறியவர்கள் காட்டைத் திருத்திப் பால்பண்ணை போட்ட இடம். 1980களின் கடைசியில் ஓம் கூட்டம் அங்கே நிலம் வாங்கி, பெரிய பெரிய கொட்டகைகளாக எழுப்பி, 'சத்யம்' என்று பெயர் வைத்து எண் போட்டது.

அசஹாராவுக்கு நான்கு வரி போதும். 1955இல் பாய் முடைபவர் வீட்டில் பிறந்தவர், பார்வைக் குறைவு. 1982இல் அனுமதியில்லாத மருந்து விற்றுக் கைதானார். 1984இல் டோக்கியோவில் யோகா வகுப்பு தொடங்கினார். 1990 தேர்தலில் அவரோடு சேர்த்து 25 பேர் நின்றார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. அதற்கு முன்பே, 1989 நவம்பரில், கூட்டத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சகாமோட்டோவை மனைவி, கைக்குழந்தையோடு ஓம் ஆட்கள் கொன்றிருந்தார்கள். உடல்கள் கிடைத்தது 1995இல்தான்.

கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்புப் பலகை நட்டார்கள், கொட்டகைகளைக் கண்காணித்தார்கள். 1994 ஜூலையில் 7ஆம் சத்யத்தின் பக்கமிருந்து தாங்க முடியாத நெடி வந்தபோது புகாரும் கொடுத்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 27 இரவு, மட்சுமோட்டோ நகரில் ஓம் கூட்டம் பரப்பிய சரின் நச்சுவாயு 7 பேரைக் கொன்றிருந்தது. அங்கே போலீஸ் யாரைச் சந்தேகித்தது தெரியுமா? உதவி கேட்டு முதலில் போன் செய்தவரை! அவர் மனைவி அதே வாயுவில் நினைவிழந்து கிடந்தார். 2008இல் இறந்தார், எட்டாவது பலியாக.

கமிகுயிஷிகி மண்ணில் சரினின் எச்சம் இருப்பதை 1995 ஜனவரி 1 அன்று யோமியுரி நாளிதழ் வெளியிட்டது. கூட்டம் அவசரமாக 7ஆம் சத்யத்தின் சரின் ஆலையை மறைத்து, முன்னால் தெர்மகோலில் ஒரு தெய்வ உருவத்தை நிறுத்தியது. பதிவு பெற்ற மத அமைப்பாயிற்றே என்று போலீஸ் தயங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 20 காலை. டோக்கியோவில் அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசேகியை நோக்கி ஓடிய ஐந்து சுரங்க ரயில்களில், ஓம் சீடர்கள் சரின் பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். 14 உயிர்கள் போயின. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். இரண்டு நாள் கழித்து, கூண்டில் கேனரிக் குருவிகளைத் தூக்கிக்கொண்டு முகமூடிப் போலீஸ் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தது. மே 16 அன்று, 6ஆம் சத்யத்தில் ஒரு மறைவிடத்தில் 96 லட்சம் யென் ரொக்கத்தோடு குரு அகப்பட்டார். 2018 ஜூலையில் அவரையும் சீடர்கள் 12 பேரையும் தூக்கிலிட்டார்கள்.

கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். ஊரின் கெட்ட பெயரைத் துடைக்க 1997இல் கலிவர் பெயரில் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்தது; 2001இல் மூடிவிட்டது. 2006இல் கிராமத்தையே இரண்டாகப் பிரித்துப் பக்கத்து ஊர்களோடு சேர்த்துவிட்டார்கள். 2000இல் அலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்ட மிச்சக் கூட்டம் டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் கட்டடம் வாங்கியது. அங்கேயும் எதிர்ப்புப் பதாகை பிடித்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான்.