மீண்டும் ஆடும் ஆட்டம்

1904ஆம் ஆண்டு எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யாவிலாசினி அச்சுக்கூடத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. எட்டயபுரம் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. நூலை ஆக்கியவர் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு மகள்வழிப் பேரர், பின்னர் அவருடைய சுவீகார புத்திரர். அதுவரை பெரும்பாலும் குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கே சென்றுகொண்டிருந்த கீர்த்தனைகளை அவர் தெலுங்கு லிபியில் சுரப்படுத்தி அச்சேற்றினார். சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்பதை அறிந்தவர் அவர். ஆகவே கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஒரிகை, ஜாரு என ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி அடையாளக்குறி அமைத்தார்.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1902 நவம்பரில், கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைத் தட்டில் பதிந்திருந்தார். ஒரே சமயத்தில் நம் மண்ணில் இரண்டு பதிவு முறைகள் வேர்விட்டன. ஒன்று விளைவைப் பிடித்து வைப்பது. தட்டைச் சுழற்றினால் அன்று பாடிய அதே மூன்று நிமிடம், அதே இருமலோடு திரும்ப வரும். மற்றொன்று, விளைவை உண்டாக்கிய கட்டளைகளை எழுதி வைப்பது. புத்தகம் தானாகப் பாடாது. அதைப் படித்து உயிர்ப்பிக்கத் தெரிந்த ஒரு தொண்டை வேண்டும்.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இரண்டாவது முறை எதிர்பாராத ஓரிடத்தில் தலைகாட்டியது. 1993 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அரக்கர்களைச் சுட்டுத்தள்ளும் விளையாட்டு. இலக்கிய வாசகர் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றே தோன்றும். ஆனால் அதற்குள் ஓர் அற்புதமான ஏற்பாடு இருந்தது. தொடங்கும்போது ‘ரெகார்ட்’ என்ற கட்டளையைச் சேர்த்துக் கொடுத்தால் ஆட்டம் முழுவதும் ஒரு கோப்பில் பதிவாகும். ‘ப்ளேடெமோ’ என்று கொடுத்தால் அது மறுபடி நிகழும்.

அந்தக் கோப்பில் படம் கிடையாது, ஒலி கிடையாது. டூம் ஒரு வினாடியை 35 துடிப்புகளாகப் பகுக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஆட்டக்காரர் முன்னே நகர்ந்தாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற நான்கே செய்திகள், நான்கே பைட்டுகள். ஒரு வினாடிக்கு 140 பைட் என்றால், அக்காலத்து ஃப்ளாப்பி ஒன்றில் ஏறத்தாழ மூன்று மணி நேர ஆட்டத்தை அடக்கிவிடலாம். அரக்கர்கள் என்ன செய்தார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அவர்களுடைய தற்செயலான அசைவுகள்கூட 256 எண்கள் கொண்ட நிலையான ஒரு பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. ஆட்டக்காரர் அதையே செய்தால் அரக்கரும் அதையே செய்வர். அதாவது பதிவை நாம் ‘பார்ப்பதில்லை’. ஆட்டம் மறுபடி ஆடப்படுகிறது.

இதனால் பதிவு சாட்சியமும் ஆயிற்று. 1994லேயே ஃபிராங்க் ஸ்டயானோ என்பவர் டூம் ஆட்டக்காரர்களுக்குப் பட்டங்கள் வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். பட்டம் வேண்டுவோர் தம் ஆட்டத்தின் டெமோ கோப்பை அனுப்ப வேண்டும். ‘நான் செய்தேன்’ என்ற வாய்ச்சொல் போதாது.

1996இல் வந்த ‘க்வேக்’, கட்டளைகளை விளையாட்டுக்கு உள்ளேயே கொண்டுவந்தது. ஒரு விசையைத் தட்டினால் மேலிருந்து ஒரு திரை இறங்கும். அதற்குக் கன்ஸோல் என்று பெயர். அதில் ‘ரெகார்ட்’, ‘ஸ்டாப்’, ‘ப்ளேடெமோ’ என்று எழுதினால் போதும். க்வேக் பதிந்தது விசையழுத்தங்களை அல்ல. யார் எங்கே நின்றார், என்ன நிகழ்ந்தது என்று விளையாட்டின் மையம் ஆட்டக்காரருக்கு அனுப்பிய செய்திகளை. காட்சி அப்போதும் புதிதாகவே வரையப்பட்டதால், கோப்பைத் திருத்திப் பார்வைக் கோணத்தை மாற்ற முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ரேஞ்சர்ஸ் என்ற குழு ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ என்னும் சின்னஞ்சிறு கதைப்படத்தை டெமோ கோப்பாகவே வெளியிட்டது. விளையாட்டுக்குள் எடுக்கப்படும் திரைப்படங்களுக்கு அதுவே முன்னோடி. 1997இல் ஒரு குழு க்வேக் முழுவதையும் 19 நிமிடம் 49 வினாடியில் முடித்துப் பதிவாக வெளியிட்டது.

சிறுமையும் இங்கேதான் இருக்கிறது. டூமின் ஒரு பதிப்பில் பதிந்த ஆட்டத்தை விதிகள் சற்றே மாறிய வேறொரு பதிப்பில் ஓடவிட்டால் முதல் சில வினாடிகள் சரியாகப் போகும். பின் எங்கோ ஓர் அரக்கன் ஓரடி தள்ளி நிற்பான். அவ்வளவுதான். ஆட்டக்காரர் வெற்றிடத்தைச் சுடுவார். திறக்காத கதவில் முட்டிக்கொண்டே இருப்பார். கண்ணெதிரே நிற்பவனைக் காணாமல் அடிபட்டுச் சாவார். கோப்பில் ஓர் எழுத்தும் அழியவில்லை. அதைப் புரிந்துகொள்ளும் எஞ்சின்தான் மாறிவிட்டது.

1997 டிசம்பரில் டூமின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டதால் இந்தப் பதிவுகள் பிழைத்தன. 2005 முதல் உருவான ‘சாக்லேட் டூம்’ போன்ற மறுவாக்கங்கள் பழைய விளையாட்டின் பிழைகளையும் வேண்டுமென்றே காப்பாற்றுகின்றன. ஒரு பிழையைத் திருத்தினால் அந்தப் பிழைக்குள் ஆடப்பட்ட ஆட்டங்கள் குலைந்துவிடும் அல்லவா!

இந்த இடத்தில் மனம் தானாகவே எட்டயபுரத்துக்குத் திரும்புகிறது. பிரதர்சினியின் ஒவ்வொரு குறியும் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. பின்னாளில் தமிழ் லிபியிலும் பதிப்பு வந்தது. ஆயினும் அதன் சில ராகங்கள் இன்றைய வழக்கோடு பொருந்தவில்லை. குறிகளை எப்படிப் பாடுவது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நூல் எழுதப்பட்ட காலத்துத் தொண்டை இப்போது இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி வேறொரு விடையை வைத்திருக்கிறது. மறைந்துபோன திவ்யப் பிரபந்தத்தை நாதமுனிகள் இந்தக் குருகூரில் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பை’ப் பன்னீராயிரம் முறை ஓதி மீட்டார் என்பது வைணவ மரபு. மீட்டவர் ஏட்டில் எழுதியதோடு நிற்கவில்லை. இசையமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குப் பயிற்றினார் என்றும் அம்மரபு கூறும். அரையர் சேவை அந்த வழியில் வந்தது. பாசுரம் ஏட்டில் இருக்கிறது. அதை ஆடுவதும் பாடுவதும் தலைமுறை தலைமுறையாக அரையர் குடும்பத்தின் உடம்பில் இருக்கின்றன. கோப்பையும் எஞ்சினையும் சேர்த்தே காக்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போனால் ஏடு மட்டுமே மிஞ்சும்.

2000களில் நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ ஆடித் தீர்த்தார்கள். க்வேக் எஞ்சினின் வழிவந்த அந்த விளையாட்டிலும் அதே ‘ரெகார்ட்’ கட்டளை உண்டு. 2023இல் அதன் புதிய அவதாரம் வந்தபோது, முந்தையதில் பதிந்த டெமோக்களை அது நேரடியாக ஓட்ட மறுத்தது. இன்று பெரும்பாலோர் திரையையே படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். அது கிராமபோன் வழி, எளியது, உறுதியானது. ஆனால் அதற்குள் நுழைந்து இன்னொரு கோணத்திலிருந்து பார்க்க முடியாது.

தட்டும் வேண்டும், குறியும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆவணக் காப்பகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கோப்புகளைத்தான் எண்ணுகிறோம். குறியைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி சமஸ்தானங்களோடு போய்விட்டது. எட்டயபுரத்தில் ஒரு ராஜா அதற்குப் பதில் வைத்திருந்தார்.