இணையச் சூதாட்ட உரிமங்களும் இணைப்பு முகவர்களும்: தமிழ்நாட்டு வரலாறு

இணையச் சூதாட்ட உரிமம் என்பது, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை இணையத்தில் நடத்த ஓர் அரசு ஒரு நிறுவனத்துக்கு வழங்கும் அனுமதி ஆகும். அந்த நிறுவனத்துக்கு ஆட்டக்காரர்களைத் தேடித் தந்து தரகு பெறுபவர், தொழில் வழக்கில் அஃபிலியேட் எனப்படும் இணைப்பு முகவர். யூடியூப் காணொளியின் கீழே இருக்கும் இணைப்பு, டெலிகிராம் குழுவில் வரும் போனஸ் குறியீடு, செயலிகளைத் தரவரிசைப்படுத்தும் கட்டுரை ஆகியவற்றின் பின்னால் பெரும்பாலும் இருப்பவர் இவரே. எந்த நாட்டு உரிமம் மேலானது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இத்தொழிலில் வழக்கம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு: வேறோர் அரசு தந்த உரிமம் இங்கே செல்லுமா? இக்கேள்வி இணையத்தோடு பிறந்தது அன்று. காகிதப் பரிசுச்சீட்டுக் காலத்திலேயே எழுந்து, நீதிமன்றம் வரை சென்றது.

பழைய சட்டங்கள்

சூதின் கேட்டைப் பேசத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது (அதிகாரம் 94). ஆனால் காவல்துறையும் நீதிமன்றமும் கையாளும் சூதாட்ட வரையறை பிரித்தானியர் ஆட்சியில் வந்தது. சென்னை நகரத்துக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், நகரத்துக்கு வெளியே 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் பொருந்தின. இவை ஆட்டத்தைவிட ஆட்டம் நடக்கும் இடத்தையே, அதாவது பொதுச் சூதாட்ட விடுதியையே, முதன்மையாகக் குறிவைத்தன. திறன் மட்டுமே கொண்ட விளையாட்டுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

1997-இல் திருச்சிராப்பள்ளி மாநகரக் காவல் ஆணையரகம் உருவானபோது, சென்னைக்கான காவல் சட்டம் அந்நகருக்கும் நீட்டிக்கப்பட்டது. இதனால் ஒரு வேடிக்கையான நிலை ஏற்பட்டது. மாநகர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் பணம் வைத்துச் சீட்டாடினால் ஒரு சட்டம். கரூர் சாலையில் சிறிது தொலைவு மேற்கே, ஊரகக் காவல் எல்லையில் இருக்கும் ஜீயபுரத்தில் அதே ஆட்டத்தை ஆடினால் வேறொரு சட்டம். விடுதிக்கு முகவரி இருந்தவரை இந்தப் பிரிவினையால் பெரிய சிக்கல் இல்லை. ஆட்டம் கைப்பேசிக்குள் வந்தபின் ‘இடம்’ என்ற சொல்லே பொருள் இழந்தது.

சட்டம் எதைச் சூதாட்டம் என்கிறது என்பதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபத சோபானப் படத்தை விரித்துத் தாயம் உருட்டுவது வைணவக் குடும்பங்களில் பழைய வழக்கம். அதில் ஏணியும் பாம்பும் முழுக்க வாய்ப்பின் கையில்தான். ஆனால் யாரும் பணம் வைப்பதில்லை. ஆகவே அது சூதாட்டம் அன்று. பணையமும் வாய்ப்பும் சேரும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

பணையம் இருந்து, ஆனால் ஆட்டத்தில் திறனே மேலோங்கி இருந்தால்? இதற்கு உச்ச நீதிமன்றம் 1960-களின் பிற்பகுதியில், செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில் விடை சொன்னது: ரம்மி முதன்மையாகத் திறன் விளையாட்டு. ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் பின்னாளில் இத்தீர்ப்பைத் தங்கள் தொழிலின் அடித்தளமாகக் கொண்டன. அதே தீர்ப்பில் அவை அவ்வளவாக எடுத்துக்காட்டாத வரி ஒன்றும் இருக்கிறது. பணையம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகக்கூடும் என்பது அது. ஆடுபவரை விட்டு, ஆட்டத்தால் சம்பாதிக்கும் மூன்றாமவர் மீது சட்டத்தின் பார்வை அன்றே திரும்பியிருந்தது. குதிரைப் பந்தயமும் திறன் விளையாட்டே என 1996-இல் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பாகி, சென்னை பந்தய மன்றத்தைக் கையகப்படுத்தத் தமிழ்நாடு 1986-இல் இயற்றிய சட்டம் நீக்கப்பட்டது.

பரிசுச்சீட்டுக் காலம்

1968-இல் சி. என். அண்ணாதுரை தலைமையிலான அரசு தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. பேருந்து நிலையங்களிலும் தேநீர்க் கடைகளின் ஓரத்திலும் சீட்டு விற்ற முகவர்களை இன்றைய இணைப்பு முகவர்களின் முன்னோடிகள் எனலாம். இருவருக்கும் வருமானம் தரகுதான். இருவரும் ஆட்டத்தை நடத்துபவர்கள் அல்லர். அந்தக் கடைகளில் தமிழ்நாட்டுச் சீட்டோடு பிற மாநிலங்களின் சீட்டுகளும் தொங்கின. குலுக்கல் வெளி மாநிலத்தில் நடக்கும். சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளி இங்கே இருப்பார்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், அரசுகள் நடத்தும் பரிசுச்சீட்டு ஒன்றியப் பட்டியலிலும் (எண் 40), பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலிலும் (எண் 34) உள்ளன. நாடாளுமன்றம் 1998-இல் இயற்றிய பரிசுச்சீட்டு ஒழுங்குமுறைச் சட்டம், பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தன் எல்லைக்குள் தடுக்க ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் தந்தது. அடுத்த ஆண்டே பி. ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: தானே பரிசுச்சீட்டு நடத்தும் மாநிலம் மற்றவர் சீட்டைத் தடுக்க முடியாது. எனவே தமிழ்நாட்டுக்கு இரண்டில் ஒன்றே வழி. 2003 ஜனவரியில் ஜெ. ஜெயலலிதா அரசு தன் சொந்தச் சீட்டையும் சேர்த்து எல்லாப் பரிசுச்சீட்டுகளையும் தடை செய்தது. வேறோர் அரசின் முத்திரை இருந்தாலும் இங்கே விற்பவர் குற்றவாளியே என்ற நிலை அன்று உறுதியானது. இணைய உரிமங்களைப் பற்றிப் பேசுவோர் இந்த முன்நிகழ்வை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

உரிமம் தரும் அரசுகள்

இந்தியாவில் இணைய ஆட்டங்களுக்கு முதலில் உரிமச் சட்டம் கொண்டுவந்தது சிக்கிம் (2008). 2015-இல் செய்த திருத்தத்தால் அது தன் மாநிலத்துக்குள் அமைந்த முனையங்களோடு நின்றுகொண்டது. நாகாலாந்து 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் ரம்மி, போக்கர் போன்றவற்றைத் திறன் விளையாட்டுகளாகப் பட்டியலிட்டு, வருவாயில் 0.5% உரிமைத்தொகை கேட்டது. அவ்வாட்டங்களைச் சூதாட்டம் எனக் கருதாத மாநிலங்களிலும் அந்த உரிமத்தின் பேரில் ஆட்டம் நடத்தலாம் என்பது அதன் நிலை. மேகாலயா 2021-இல் ஒரு சட்டம் இயற்றி, மறு ஆண்டே விலக்கிக்கொண்டது.

வெளிநாட்டு உரிமங்களில் ஆண்டிகுவா (1994), குராசோ, மான் தீவு (2001), மால்டா ஆகியவை பழையவை. குராசோவில் நீண்ட காலம் ஒருசில முதன்மை உரிமதாரர்கள் தங்கள் உரிமத்தின் கீழ் துணை உரிமங்களை விற்றுவந்தனர். மலிவாகவும் விரைவாகவும் கிடைத்ததால், இந்தியர்களைக் குறிவைத்த பல பந்தயத் தளங்களின் அடியில் அந்தத் தீவின் பெயர் இருந்தது. 2024 டிசம்பரில் அங்கே புதிய சட்டம் வந்து துணை உரிம முறையை முடித்துவைத்தது.

முகவரை இந்த அரசுகள் நடத்தும் விதம் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனில் முகவருக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் அவர் செய்யும் தவறான விளம்பரத்துக்கு உரிமம் பெற்ற நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். 2014 முதல் பிரிட்டானிய ஆட்டக்காரர் எவருக்கும் சேவை தர, நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் பிரிட்டானிய உரிமம் கட்டாயம். ருமேனியா முகவரிடமே உரிமம் கேட்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்தால் இவ்வளவு என்று நிலையான தொகை பெறும் முகவருக்கு எளிய பதிவு போதும். வருவாயில் பங்கு பெறுபவருக்குக் கடுமையான உரிமம் வேண்டும்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. வருவாய்ப் பங்கு என்பது நடைமுறையில் ஆட்டக்காரர் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு. நிலையான தொகை வாங்கியவருக்கு ஆளைச் சேர்த்ததோடு வேலை முடிகிறது. பங்கு வாங்குபவருக்கோ தான் அழைத்துவந்த நண்பர் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தால்தான் வருமானம். ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று கல்லூரி மாணவர்களிடம் நீட்டப்படும் இணைப்புகளில் இந்தக் கணக்கு சொல்லப்படுவதே இல்லை.

தமிழ்நாட்டின் இணையச் சட்டங்கள்

2020 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீட்டாட்ட வழக்கு ஒன்றை விசாரிக்கையில், இணைய ஆட்டங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்று சுட்டிக்காட்டியது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த காலம் அது. நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, 2021 தொடக்கத்தில் சட்டமானது. மாநகரங்களுக்கும் ஊரகத்துக்கும் தனித்தனிச் சட்டம் இருந்ததால், இத்திருத்தம் பழைய சட்டங்கள் பலவற்றை ஒருசேரத் தொட வேண்டியிருந்தது. திறன் விளையாட்டுகளையும் சேர்த்து முற்றாகத் தடுப்பது மிகையானது எனக் கூறி, 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ஆர். என். ரவி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இச்சட்டத்தின்படி ஆடுபவருக்கு 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை; நடத்துபவருக்கு 3 ஆண்டு, 10 லட்சம் வரை. இரண்டுக்கும் நடுவே விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் வரை விதிக்கலாம். நேராகவோ மறைமுகமாகவோ தூண்டும் எந்த விளம்பரமும் இதில் அடங்கும் என்பதால் இணைப்பு முகவர் ஒதுங்கி நிற்க இடமில்லை. வெளியிலிருந்து இயங்கும் நிறுவனம், தடை செய்யப்பட்ட ஆட்டம் தமிழ்நாட்டில் திறக்காதபடி இட அடிப்படையில் தடுக்க வேண்டும் என்றும் சட்டம் கூறியது. பரிசுச்சீட்டு வழக்கின் தர்க்கமே இங்கும்: உரிமம் எங்கே கிடைத்தது என்பதை விட, ஆடுபவர் எங்கே இருக்கிறார் என்பதே கணக்கு.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. எனவே அவ்விரண்டும் ஒழுங்குமுறைக்குள் வந்தன. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகள் ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களை நிறுத்தின. நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2025 ஜூனில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஒன்றிய அரசின் தடை

ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 முதல் வெளிநாட்டுப் பந்தயத் தளங்களின் விளம்பரங்களுக்கு எதிராக அறிவுரைகள் வெளியிட்டு வந்தது. செய்தித் தளம் போலப் பெயர் வைத்துப் பந்தயத் தளத்தை விளம்பரப்படுத்தும் உத்தியை அவற்றுள் ஒன்று குறிப்பிட்டது. 2024 மார்ச்சில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கும் எச்சரிக்கை வந்தது. அறிவுரை என்பதால் அதற்குப் பல்லில்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறனா வாய்ப்பா என்ற அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்காட்டத்தை ஒரே வரியில் ஓரங்கட்டியது. பணம் செலுத்தி, பண ஆதாயம் எதிர்பார்த்து ஆடும் எந்த இணைய ஆட்டமும் தடைக்கு உரியது. நடத்துபவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் 3 ஆண்டுச் சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் வரை. விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. மாநிலச் சட்டத்தோடு ஒப்பிட்டால், சுமை ஆட்டக்காரரிடமிருந்து விலகி, அவரை அழைத்துவருபவர் மீது பத்து மடங்கு அபராதமாக ஏறியிருப்பது தெரியும். நாகாலாந்து உரிமமோ மால்டா உரிமமோ இதற்கு விலக்கு ஆகாது. சட்டத்தை எதிர்த்து வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.