ஆகாய விமானமும் பெரட்டும்

தோட்டங்களிலே வைகறை இருளில் பெரட்டுக்கு ஆள் கூட்டிய காலத்தை நம் முதியோர் மறந்திரார். கிராணியாரின் புத்தகத்தில் பேர் விழுந்தால் அன்று கூலி; விழாவிட்டால் அன்று பட்டினி. எவரை எந்த நிரைக்கு அனுப்புவது, எவரைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் கங்காணியாரின் நாவிலே அடங்கியிருந்தது. ஏன் என்று கேட்பாரில்லை. கேட்டாலும் விடை பகர்வாரில்லை.

அந்தப் பெரட்டுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். சம்பந்தம் உண்டு. விமானக் கம்பெனிகளிலும் நாள்தோறும் பெரட்டு நடக்கிறது. அங்கே பேர் போடுவது இப்போது யந்திரம். அவ்வளவே வேற்றுமை.

சிங்கப்பூரின் விமானச் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். நம்மவர் இந்நாட்டுக்கு வந்தது ஆகாய மார்க்கமாயன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ராஜூலா போன்ற கப்பல்களின் மேல்தட்டிலே வெயிலிலும் மழையிலும் ஏறத்தாழ ஒரு வாரம் கிடந்து வந்தவர் எத்தனை ஆயிரம் பேர்! 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973 வரை ஓடியது. அதற்கிடையே, சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைத்த காலாங் விமான நிலையம் 1937 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1947 மே முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் கம்பெனியார் அங்கிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்கு ஒழுங்கான போக்குவரத்தைத் தொடங்கினர். அன்று பறந்த விமானத்தில் இடம் ஐந்தே பேருக்கு! அதை நடத்த ஒரு கரும்பலகையும் ஒரு குமாஸ்தாவும் போதும்.

பின்னர் 1955இல் பாய லேபார் நிலையமும், 1981இல் சாங்கி நிலையமும் எழுந்தன. மலாயன் ஏர்வேஸ் பேர் மாறி, உரிமை மாறி, இறுதியில் இரண்டாகப் பிரிந்தது. 1972 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனித்து நின்றது. சாங்கியைக் கடந்து சென்ற பிரயாணிகள் 2024ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 77 லட்சம் பேர். சிராங்கூன் ரோட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மாலையில் ஏறினால், அன்றிரவே சென்னையிலோ திருச்சியிலோ இறங்கிவிடலாம்.

இப்பெருக்கத்தை ஒரு கரும்பலகை தாங்குமா? விடியற்காலையில் சுமத்ராப் புயற்காற்று வீசி ஒரு விமானம் இரண்டு மணி நேரம் தாமதிக்கிறதென்று கொள்வோம். அதில் வேலைக்கு நிற்கும் விமானிக்குச் சட்டம் விதித்த வேலை நேரம் தீர்ந்துவிடுகிறது. வேறொருவரை அனுப்பலாமெனில், சாதாரணமாக ஒரு வகை விமானத்தில் தேர்ந்தவர் மற்றொரு வகையைச் செலுத்தலாகாது. தேர்ந்தவர் ஒருவர் கிடைத்தாலும், அவர் நேற்றிரவு போதிய ஓய்வு கொண்டாரா என்று பார்க்க வேண்டும். விமானத்துக்கோ பழுது பார்க்கும் தவணை வந்திருக்கும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் ஒன்பது முடிச்சு விழுகிறது!

இம்முடிச்சுகளைக் கணக்கால் அவிழ்க்கலாம் என்று காட்டியவருள் ஒருவர் ஜார்ஜ் டான்ட்சிக் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். உள்ள ஆளையும் பொருளையும் கொண்டு மிக நன்றாகப் பங்கிடும் வழியொன்றை அந்நாட்டு விமானப் படையின் திட்ட வேலைக்காக அவர் கண்டதும் 1947ஆம் ஆண்டிலேதான். பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம். கம்பெனியும் கூடி அமைத்த சேபர் என்னும் கணினி ஏற்பாடு, 1964க்குள் இடம் பதிவு செய்யும் வேலையைக் குமாஸ்தாக்களின் சீட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. இன்றோ செயற்கை நுண்ணறிவு என வழங்கும் யந்திரம், முன்நடந்த தாமதங்களைப் படித்து, இனி நேரக்கூடியவற்றையும் முன்னறிந்து கூற முயல்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தபோது, சிப்பந்திகளுக்கு முறை வகுக்கும் சிக்கலான வேலையையும் அதன் பயன்களுள் ஒன்றாக எடுத்துரைத்தது.

இதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. யந்திரத்துக்குச் சாதியில்லை, உறவினர் இல்லை, கையூட்டு வாங்கும் கையுமில்லை. கங்காணியாரின் ஓரவஞ்சனையை அறிந்த நமக்கு இது சிறிய நன்மையன்று. ஆயினும், யந்திரத்தை முடுக்குவோன் மனிதன். செலவைக் குறை என்று அவன் கட்டளையிட்டால் செலவைக் குறைக்கும். சிப்பந்தியின் உறக்கத்தை நினை என்று கட்டளையிடாவிட்டால் நினையாது.

இதற்கு அண்மைக் காலமே சான்று. 2022 டிசம்பரில் அமெரிக்காவிலே பெரும் பனிப்புயல் வந்தது. மற்றக் கம்பெனிகள் சில நாளில் தேறின. சௌத்வெஸ்ட் கம்பெனியின் முறை வகுக்கும் கணினி ஏற்பாடோ, எந்தச் சிப்பந்தி எங்கே இருக்கிறார் என்றே அறியாது திகைத்தது. 16,000க்கு மேற்பட்ட பயணங்கள் நின்றன. சிப்பந்திகள் தொலைபேசியில் மணிக்கணக்காய்க் காத்திருந்து தாம் நிற்கும் ஊரைச் சொல்ல வேண்டியதாயிற்று! அடுத்த ஆண்டு அரசாங்கம் 14 கோடி டாலர் தண்டம் விதித்தது.

இந்தியாவிலோ, விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு வேலையையும் குறைத்த விதிகள் 2025இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கேற்ப ஆள் சேர்த்து ஆயத்தம் செய்யாத இண்டிகோ கம்பெனி, டிசம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கான பயணங்களை நிறுத்தியது. முடிவு என்ன? இரவு வேலை விதிகளுட் சில அக்கம்பெனிக்காகத் தற்காலிகமாய்த் தளர்த்தப்பட்டன! எத்துணைச் சிறந்த கணக்கு யந்திரமும் இல்லாத ஆளைப் படைத்துத் தராது. ஆள் குறைந்த கணக்கை ஈடு செய்யக் கடைசியில் கைவைத்தது தொழிலாளியின் ஓய்விலேதான்.

ஆகவே நாம் கூறுவது இது. ராகுகாலத்தையும் சூலத்தையும் விட்டொழித்து விமானமேறக் கற்றுக்கொண்டோம். பஞ்சாங்கத்தை விட்டவர் யந்திரத்தைப் பஞ்சாங்கமாக்கிக்கொள்ளலாகாது. கணினி சொல்லிற்று என்பது விடையாகாது. கங்காணி சொன்னான் என்பது எங்ஙனம் விடையாகாதோ அங்ஙனமே. முறை வகுப்பது யந்திரமாயினும், ஓய்வு நேரத்தைச் சட்டம் வகுக்க வேண்டும்; வகுத்த முறையை மறுத்துக் கேட்க ஒரு மனிதர் முன்னே உட்கார்ந்திருக்க வேண்டும்; அவரிடம் கேட்கத் தொழிற்சங்கம் துணை நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகள் அந்த யந்திரத்தைப் பார்த்து வியந்து நிற்பதோடு அமையாது, அதன் கணக்கையும் கற்க வேண்டும். பெரட்டிலே பேர் போடப்பட்டவர்களின் பேரர்கள், பேர் போடும் புத்தகத்தையே திறந்து படிக்கும் நாள் வந்துவிட்டது. படிப்பார்களா?